சீருடை அணியாத துப்பறிவாளரும் தள்ளிப்போடப்பட்ட காதலும்: தமிழ்த் துப்பறியும் புனைவில் பணியிடம்

முன்னுரை

தமிழ்த் துப்பறியும் நாவலை ஆராய்வோர் பெரும்பாலும் தழுவலையே பேசியுள்ளனர்: எது ஆங்கிலத்திலிருந்து வந்தது, எது சொந்தம் என்பதே அவர்களின் வினா. அவ்வினா தேவையானதே. ஆயினும் வாசகர் இக்கதைகளைத் தேடிப் படித்ததற்குக் குற்றத்தின் புதிர் மட்டும் காரணமன்று. காவல்துறையைச் சேராத ஒருவர் துப்பறிவதும், அவருடன் ஒரு பெண் இருப்பதும், இருவருக்கும் இடையிலான அன்பு கதைதோறும் சற்றே எட்டிப்பார்த்து மறைவதும் தனியொரு இன்பத்தைத் தந்தன. இவ்வின்பம் எப்போது பிறந்தது என்பதை ஆராயும் இக்கட்டுரை, அது பெண்ணின் பணியிடத்தோடு பிணைந்தது எனக் கருதுகிறது. ஆகவே பெண் தொழிலாளர் பெருந்திரளாக வாழும் வல்லம் வடகால் வரை இவ்வாராய்ச்சி வர வேண்டியுள்ளது.

சேர்த்துவைப்பவரும் சேர்பவரும்

பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் (1894) காவல்துறை சார்ந்தவன். ஜே.ஆர்.ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ (1908) நாவலில் துப்பறியும் கோவிந்தன் வருகிறார். வடுவூர் கே.துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார். சாமியார் என்ற வேடமே ஒரு வசதி. எவ்வீட்டு வாயிலும் அவருக்குத் திறக்கும். எப்பெண்ணின் துயரையும் அவர் கேட்கலாம். அவர்மீது ஐயம் எழாது. கோவிந்தனும் சாமியாரும் பிரிந்தவரைச் சேர்த்துவைக்கிறார்கள், தாம் காதலிப்பதில்லை. இக்கதைகளில் பெண் கடத்தப்படுபவள், பழிசுமப்பவள், மீட்கப்படுபவள். துப்பறிபவரோடு சமமாக நின்று பேசும் இடம் அவளுக்கு இல்லை. அத்தகைய இடம் அன்றைய நடுத்தர வாழ்விலும் அரிது.

தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ ஆனந்த விகடனில் வெளிவந்தபோது நிலைமை வேறாயிற்று. சாம்பு ஒரு குமாஸ்தா, அறிவாளி அல்லர். அவர் தவறி விழும் இடத்தில் குற்றவாளி அகப்படுகிறான். இன்ஸ்பெக்டர் கோபாலனோ அதை மதிநுட்பம் என்றே நம்புகிறார். மேதைத் துப்பறிவாளர் என்ற கற்பனையையே தேவன் எள்ளிநகையாடினார் எனலாம். இத்தொடரின் நடுவே சாம்புவுக்கும் வேம்புவுக்கும் திருமணம் நடக்கிறது. அதனால் கதை முடிந்துவிடவில்லை. குடும்பமும் நகைச்சுவைக்கு உரியதாகிறது. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கும் இந்திரா என்ற மனைவி உண்டு. எனவே 1950கள் வரையிலான துப்பறிவாளர் ஒன்று துறவி, அல்லது கணவர். ‘இன்னும் சொல்லப்படாத அன்பு’ இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள வெளி. அதற்கு இல்லமும் இடந்தராது, மடமும் இடந்தராது.

அலுவலகம் என்னும் புதுக்களம்

அவ்வெளியைத் தந்தது அலுவலகம். சுஜாதாவின் கணேஷ் 1968இல் ‘நைலான் கயிறு’ மூலம் அறிமுகமான வழக்கறிஞர். பின்னர் வசந்த் இணைந்தான். கணேஷ்-வசந்த் கதைகளில் குறும்பு உண்டு. ஆனால் இணைபிரியாதோர் இருவரும் ஆடவர். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேன்-வைஜயந்தி ஆகிய இணைகளே 1980களில் இதனை மாற்றின. ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா கணவன் மனைவியர் என்பதால் இவ்வரிசையில் சேரார். பரத்தும் சுசீலாவும் கட்டணம் பெறும் துப்பறியும் நிறுவனத்தினர். ஆகவே கண்டிப்பான பொருளில் பொழுதுபோக்குத் துப்பறிவாளர் அல்லர். எனினும் சீருடைக்கும் அதன் அதிகாரத்துக்கும் வெளியே நிற்பவர்கள். சுசீலாவின் பனியன் வாசகங்களை எதிர்பார்த்தே இதழ் வாங்கியோர் உண்டு. அவ்வாசகங்கள் பெண்ணுடலை நகைச்சுவைப் பொருளாக்கின என்பதை மறைக்கத் தேவையில்லை. அதே பெண் பரத்தின் சொல்லுக்குச் சொல் பதிலளிக்கிறாள், வழக்கை நடத்துகிறாள், மணமாகாமலேயே அவனோடு இரவுப்பயணம் செய்கிறாள் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே காணாத மதிப்பீடு பாதி மதிப்பீடே.

இக்காதல் ஏன் முடிவுக்கு வரவில்லை? பண்பாட்டுக் கூச்சம் என்பது எளிய விடை. மாதநாவல் என்ற வடிவமே வலுவான காரணம் என்பது என் கருத்து. ஒவ்வோர் இதழும் முழுக்கதை. பேருந்து நிலையக் கடையில் முதன்முறையாக வாங்குபவருக்கும் அது விளங்கவேண்டும். எனவே சென்ற மாதம் நடந்தது இம்மாதத்தைப் பாதிக்கலாகாது. டோரதி சேயர்ஸ் எழுதிய பீட்டர் விம்சியும் ஹாரியட் வேனும் 1930இல் சந்தித்து, 1935இல் உடன்பட்டு, 1937இல் வந்த நாவலில் மணம்புரிந்தவர்களாகத் தோன்றுகிறார்கள். ஏழாண்டில் அவ்வுறவு வளர்கிறது. தமிழ் மாதநாவலிலோ உறவு வளர்வதில்லை; ஒரே சூட்டில் காக்கப்படுகிறது. நீறுபூத்த நெருப்பை ஊதவும் கூடாது, அவியவிடவும் கூடாது என்பது பதிப்புத் தொழிலின் தேவை.

வல்லம் வடகால்

பரத்-சுசீலா கதைகளுக்கு ஓர் அறையும் இரண்டு நாற்காலிகளும் போதும். இன்று தமிழ்ப்பெண்ணின் பணியிடம் வேறு அளவுடையது. காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தங்கும் விடுதி 18,720 பெண் தொழிலாளர்க்கு இடமளிப்பது. பணிமுறையும் நிறுவனப் பேருந்தும் விடுதியும் நாளை மூன்றாகப் பகுத்துக்கொள்ளும் வாழ்வு இது. இங்கே ஆணும் பெண்ணும் வேடிக்கையாகப் பேசிக்கொள்ளும் ஓய்வுநேர அலுவலகம் இல்லை. ஆனால் துப்பறியும் புனைவின் இன்னொரு தேவை நிறைவேறியுள்ளது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் தம் சிற்றூர் மனிதரை அறிந்திருந்ததாலேயே குற்றவாளியை அறிந்தார். பல மாவட்டத்துப் பெண்கள் ஒரே அறையில் உறங்கி எழும் விடுதியும் ஒருவகைச் சிற்றூரே. யார் எவ்வேளை வந்தார், யாருக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தது, யார் உணவைத் தொடவில்லை என்பதைப் பக்கத்துப் படுக்கைக்காரி அறிவாள். சாமியாருக்குத் திறந்த கதவுகளைவிட இவளுக்குத் திறந்தவை அதிகம்.

இத்தலைமுறை படிப்பது பெரிதும் கைப்பேசியில். பிரதிலிபி போன்ற தளங்களில் காதல் தொடர்கள் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன. முந்தைய அத்தியாயங்கள் கையருகே இருப்பதால், மாதநாவல் மறுத்த வளர்ச்சியை இத்தொடர் தரமுடிகிறது. மெல்ல வளரும் காதலுக்கு இதுவே பொருத்தமான வடிவம். வரலாற்றாய்வாளருக்கு இதில் ஓர் இடர் உண்டு. பழைய மாதநாவல்கள் எடைக்குப் போயினும் வாடகை நூல்நிலையங்கள் கட்டடம் செய்து வைத்தவையேனும் எஞ்சின. வார இதழ்த் தொடர்களைக் கிழித்துத் தைத்துவைத்த வீடுகளும் இருந்தன. நூலாகும்போது தன் தொடரைத் தளத்திலிருந்து எழுத்தாளரே நீக்கிவிடுவது இன்றைய வழக்கம். அதனோடு ஒவ்வோர் அத்தியாயத்தின் கீழும் வாசகியர் எழுதிய கருத்துகளும், அடுத்து என்ன நேரும் என்ற அவர்களின் ஊகங்களும் நீங்கிவிடுகின்றன.