சண்டை விளையாட்டில் கையும் கருவியும்

1987-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆர்கேட் இயந்திரத்தின் ஒரு வகையில் ஜாய்ஸ்டிக்குடன் இரண்டு பெரிய பட்டன்கள் மட்டுமே இருந்தன: ஒன்று குத்துக்கு, இன்னொன்று உதைக்கு. அந்த ரப்பர் பட்டனை எவ்வளவு ஓங்கி அடிக்கிறார்களோ அவ்வளவு பலமாகத் திரையில் அடி விழும். கவர்ச்சியான யோசனைதான், ஆனால் ஆடுபவரின் கையும் ஓய்ந்தது, இயந்திரமும் பழுதானது. விரைவிலேயே ஆறு சாதாரணப் பட்டன்கள் கொண்ட வகை அதன் இடத்தைப் பிடித்தது. குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. உடல் பலத்துக்கு வேலையில்லாமல் போய், எந்தப் பட்டனை எந்தக் கணத்தில் அழுத்துவது என்பதே திறமை ஆயிற்று. ஆடுபவர்கள் ‘எக்ஸிக்யூஷன்’ என்று சொல்லும் கைத்துல்லியத்தின் வரலாறு இங்கே தொடங்குகிறது.

தகாஷி நிஷியாமா இயக்கிய அந்த விளையாட்டில் மறைவான சிறப்பு அடிகளும் இருந்தன. ஸ்டிக்கைக் கீழே, கீழ்மூலை, முன்னே என்று வளைத்துக் குத்துப் பட்டனை அழுத்தினால் ‘ஹடோகென்’ என்ற தீப்பந்து பாயும். ஆனால் இயந்திரம் அந்த அசைவை மிகக் கறாராகப் படித்ததால், பத்துமுறை முயன்றவருக்கு ஒருமுறை வாய்த்தாலே பெரிது. 1991-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ இந்தக் கறாரைத் தளர்த்தியது. அந்தத் தளர்வில் எதிர்பாராத ஒன்றும் முளைத்தது. காரை அடித்து நொறுக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்த நொரிடாகா ஃபுனாமிசு, ஓர் அடி முடியுமுன்பே அடுத்ததைத் தொடங்க முடிவதைக் கண்டார். சாதாரண ஆட்டக்காரருக்கு இது எட்டாது என்று எண்ணி அதை அப்படியே விட்டுவைத்தார்கள். இன்று இந்த வகை விளையாட்டின் உயிராக இருக்கும் ‘காம்போ’ அப்படி வந்ததுதான்.

அதே விளையாட்டை ஆடிய கைகள் நாட்டுக்கு நாடு வேறுவிதமாகப் பழகின. ஜப்பானில் சான்வா, செய்மிட்சு நிறுவனங்களின் ஸ்டிக்குகள்: உருண்டைத் தலை, லேசான ஸ்பிரிங், அடியில் சதுரச் சட்டம். கீழ்மூலையில் ஸ்டிக் போய் இடிக்கும்போது கையே அதை உணரும். அமெரிக்க ஆர்கேடுகளில் ஹாப் நிறுவனத்தின் கனத்த, நீள்தலை ஸ்டிக்குகள் பரவின. அவற்றைப் பிடிக்க முழங்கை வரை வேலை செய்ய வேண்டும். கொரியாவில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம். விட்டவுடன் ஸ்டிக் சட்டென நடுவுக்குத் திரும்பிவிடும். ‘டெக்கன்’ விளையாட்டில் பின்னோக்கித் தாவுவதை நடுவிலேயே வெட்டி மறுபடி தாவும் உத்திக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. அந்த உத்தியே ‘கொரியன் பேக்டேஷ்’ என்று பெயர் பெற்றது. கருவி கையைப் பழக்கியதா, கை கருவியைத் தேடியதா என்று இங்கே பிரித்துச் சொல்வது கடினம்.

வீட்டில் கதை வேறு. குன்பெய் யோகோய் நிண்டெண்டோவில் வடிவமைத்த சிலுவை வடிவத் திசைப் பட்டன், 1983-இல் ஃபேமிகாம் வழியாக வீடுகளுக்கு வந்தது. 1992-இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்தபோது, மணிக்கட்டு செய்த வேலை முழுவதும் இடது கட்டைவிரலின் தலையில் விழுந்தது. பல சிறுவர்களின் விரலில் கொப்புளம் வந்தது. ஆறு பட்டன்களில் இரண்டு விளிம்புக்குப் போய்விட்டன. சேகா 1993-இல் ஆறையும் முகப்பில் வரிசையாக வைத்த பேடைக் கொண்டுவந்து அந்தக் குறையைச் சரிசெய்தது. இருந்தும் பெரிய போட்டிகளுக்கு ஸ்டிக்தான் என்ற நம்பிக்கை நீண்டகாலம் நிலைத்தது. 2014-இல் ஈவோ என்ற பெரும் போட்டியின் ‘அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ பட்டத்தை பிரான்சின் லஃபி வென்றபோது, அவர் கையில் இருந்தது 1990-களின் முதல் பிளேஸ்டேஷன் பேட்.

கைத்துல்லியம் உச்சத்துக்குப் போனதும் அந்த நான்காம் விளையாட்டின் காலத்தில்தான். திரையில் நொடிக்கு 60 ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓடுகின்றன. 2008-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’-இன் சில காம்போக்களில் அடுத்த பட்டன் சரியாக ஒரே ஃபிரேமில், அதாவது நொடியின் அறுபதில் ஒரு பங்கில், விழ வேண்டும். இதற்குப் ‘பிளிங்க்’ என்ற குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள்: பலமான பட்டனை அழுத்தி, ஒரு ஃபிரேம் கழித்து லேசான பட்டனையும் தட்டினால், இயந்திரம் பலமானதை இரண்டுமுறை படித்துக்கொள்ளும். வாய்ப்பு இரட்டிப்பாகும். ஸ்டிக்கில் இரண்டு விரல்களைச் சற்று முன்பின்னாகத் தட்டினால் போதும். ஒரே கட்டைவிரலால் பேடில் அதைச் செய்வது வித்தை. 2016-இல் வந்த ஐந்தாம் விளையாட்டு, முன்கூட்டியே அழுத்தியதையும் சில ஃபிரேம்கள் நினைவில் வைத்து, இந்த வித்தைக்கே தேவையில்லாமல் செய்துவிட்டது.

2010-களில் ஸ்டிக்கே இல்லாத பெட்டிகள் பரவின. கீபோர்டில் ஆடியவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த ஒன்றுதான் இது: திசைக்கும் பட்டனே. ‘ஹிட்பாக்ஸ்’ இதில் பெயர் பெற்றது. ஸ்டிக் ஒரு திசையிலிருந்து மறுதிசைக்கு நடுவைக் கடந்துதான் போக முடியும். பட்டனுக்கு அந்தப் பயணம் கிடையாது. முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் அழுத்தவும் முடியும். அப்படி அழுத்தினால் எதை ஏற்பது என்ற கேள்வி பெரிய சச்சரவானது. கடைசியாக அழுத்தியதே செல்லும் என்று வைத்தால், பின்னே பிடித்தபடியே முன்னே தட்டி, கைல் என்ற பாத்திரத்தின் ‘சோனிக் பூம்’ அடியை நொடியில் எறிந்துவிட்டு, மறுபடி தற்காப்புக்குத் திரும்பலாம். 2019-இல் ஜப்பானின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டைகோ உமெஹாரா இத்தகைய பெட்டியுடன் வந்தபோது, கேப்காமின் தொடர் போட்டியில் அதற்குத் தடை விழுந்தது. 2023-இல் விதி தெளிவானது: எதிரெதிர்த் திசைகள் சேர்ந்து அழுத்தப்பட்டால் இரண்டும் செல்லாது. விதிக்கு உட்பட்ட பெட்டிகள் இன்று மேடைகளில் சாதாரணம்.

அதே 2023-இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’, பயிற்சிக் கூடத்தில் ஒவ்வொரு ஃபிரேமையும் வண்ணப் பட்டையாகக் காட்டியது. ஆர்கேடில் காசு போட்டுத் தோற்றுக் கற்றவர்களுக்கு இது கிடைக்காத வசதி. கூடவே ‘மாடர்ன்’ என்ற முறையும் வந்தது. அதில் ஸ்டிக்கை வளைக்க வேண்டாம். ஒரு திசையும் ஒரு பட்டனும் சிறப்பு அடிக்குப் போதும். தாவி வருபவரைக் கீழிருந்து அடிக்க அசைவை வளைத்து முடிக்கும் நேரம்கூட இதில் மிச்சம். அதற்கு விலையாக, அப்படி அடிக்கும் சிறப்பு அடியின் பலத்தில் 20 சதவீதத்தை விளையாட்டு கழித்துக்கொள்கிறது.