ஆட்ரஃபுவா அக்விட்

இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஒட்டிக்கொண்ட பழைய சட்டப் பிரெஞ்சின் மிச்சம். 'ஆட்ரஃபுவா' என்றால் முன்னொரு தடவை; 'அக்விட்' முதலில் கடனைத் தீர்ப்பதைக் குறித்தது, லத்தீன் வேருக்கு அமைதி என்று பொருள். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடி கூண்டில் ஏற்றக்கூடாது என்பது கருத்து. நல்ல விதிதான். ஆனால் யாருக்கு அமைதி?

1989-இல் பில்லிங்ஹாமில் காணாமற்போன மகளின் உடலைக் குளியல் தொட்டிப் பலகைக்குப் பின்னால் கண்டெடுத்தவர் தாய்தான். அந்தக் கொலை வழக்கில் 1991-இல் விடுதலையானவன் பின்னர் கொலையை ஒப்புக்கொண்டும், பொய்ச்சாட்சிக்கு மட்டுமே தண்டனை. தாய் விடவில்லை. வலுவான புதிய சான்று கிடைத்தால், கடுங்குற்றங்களில் மேல்முறையீட்டு நீதிமன்ற அனுமதியோடு மறுவிசாரணை நடத்த 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. 2006-இல் அவனுக்கு ஆயுள் தண்டனை.