சாரணர்: ஒரு சொல்லும் ஓர் உறுதிமொழியும்

காக்கிச் சட்டை, கழுத்தைச் சுற்றிய துணி, இடையில் கயிறு, சட்டைப் பையில் ஊதல். பள்ளி நாட்களில் இவ்வுருவை நாம் ஒவ்வொருவரும் கண்டிருப்போம். நம்மில் சிலர் அவ்வுருவாகவே நின்றுமிருப்போம். விளையாட்டு விழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், தண்ணீர் கொடுக்கவும் நிறுத்தப்பட்ட அந்தச் சிறுவர்களுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு என்பதை அன்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. இன்று எண்ணிப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். சாரணர் என்பது தமிழுக்குப் புதிய சொல்லன்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரை நோக்கி நடக்கும் வழியில் சாரணர் தோன்றி அறமுரைக்கின்றனர். அங்கே அச்சொல் வான்வழி இயங்கும் சமண முனிவரைச் சுட்டுகிறது. ஒற்றர் என்ற பொருளும் அதற்கு உண்டு. படைக்கு முன்னே சென்று வேவு பார்ப்பவர், அறவழியில் திரிபவர் என்னும் இரு பொருளையும் தாங்கிய இச்சொல், இந்த இயக்கத்திற்கு வியக்கத்தக்க வகையில் பொருந்திவிட்டது. ஏனெனில் இவ்வியக்கம் முதற்பொருளில் பிறந்து, இரண்டாம் பொருளை நோக்கி நடந்த ஒன்று.

இதனைத் தோற்றுவித்த ராபர்ட் பேடன் பவல் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை, 217 நாட்கள், தென்னாப்பிரிக்காவின் மேஃப்கிங் நகரம் போயர்களால் முற்றுகையிடப்பட்டபோது அதன் காவலுக்குப் பொறுப்பேற்றிருந்தவர். அங்கே செய்தி கொண்டு செல்லும் பணியைச் சிறுவர்கள் பொறுப்புடன் செய்ததை அவர் கண்டார். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு ஒரு பாசறை அமைத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். ஓநாய், காளை, காக்கை, குதிரைமலைக் கோட்டான் என்ற நீர்ப்பறவை ஆகிய நான்கு பெயர்களில் அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன்.

இயக்கத்தின் அமைப்பு முழுவதும் இந்த விதையிலிருந்து முளைத்ததுதான். ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. சில அணிகள் சேர்ந்தால் ஒரு படை. அணித்தலைவர்கள் ஒன்றுகூடிப் படையின் அலுவல்களை முடிவு செய்ய ஓர் அவையும் உண்டு. பெரியவரான சாரண ஆசிரியர் வழிகாட்டுவார். ஆனால் கூடாரம் அடிப்பது, சோறு பொங்குவது, காயத்திற்குக் கட்டுப் போடுவது எல்லாம் சிறுவர் பொறுப்பு. ஆணையிடக் கற்பதற்கு முன் பொறுப்பேற்கக் கற்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். நாள்தோறும் ஒரு நற்செயல், எதற்கும் ஆயத்தமாயிருத்தல், சொன்ன சொல் காத்தல் ஆகியவை விதிகளாயின. 1908இல் வகுக்கப்பட்ட விதிகளுள் நான்காவது, சாரணன் அனைவர்க்கும் நண்பன் என்றும், எந்தச் சமூக வகுப்பைச் சேர்ந்தவனாயினும் மற்றொரு சாரணனுக்கு அவன் உடன்பிறந்தான் என்றும் கூறிற்று.

அவ்விதியில் வகுப்பு என்ற சொல் இருந்தது. நாடு, இனம் என்ற சொற்கள் இல்லை. அந்த வெற்றிடத்தின் பொருளை உணர்ந்தவர்கள் இந்தியச் சிறுவர்களே.

1909இல் பெங்களூரில் இந்தியாவின் முதற் சாரணர் படை தோன்றியது. ஆனால் அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கானது. இந்தியச் சிறுவர்களை அணியாக்கிப் பழக்குவது நாளை என்னவாகுமோ என்று ஆட்சியாளர் அஞ்சினர். அனைவர்க்கும் நண்பன் என்று உறுதி கூறிய இயக்கம், இந்த மண்ணின் பிள்ளைகளை வாசலில் நிறுத்தியது.

அதற்கு விடை சென்னையிலிருந்து வந்தது. தன்னாட்சி இயக்கத்திற்காக 1917இல் உதகையில் காவலில் வைக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் விடுதலை பெற்ற அன்னி பெசன்ட் அம்மையார், தம் தோழர் ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து அதே ஆண்டில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தை நிறுவினார். தொப்பிக்கு மாற்றாகத் தலைப்பாகை அணிந்த சாரணர்களைச் சென்னை கண்டது. கதவு திறக்கவில்லையென்று முற்றத்திலேயே ஒரு வீடு கட்டிக்கொண்டது போன்ற செயல் அது. அடுத்த ஆண்டு வடக்கே மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்சுரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தைத் தொடங்கினர்.

1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார். தமக்கு வெளியே வளர்ந்துவிட்ட இந்தியச் சாரணர்களை நேரில் கண்டார். பெசன்ட் அம்மையாரின் சங்கம் தாய் இயக்கத்துடன் இணைந்தது. அம்மையார் இந்தியாவின் மதிப்புறு ஆணையராகவும் ஏற்கப்பட்டார். சேவா சமிதி மட்டும் தனித்தே நின்றது. மன்னருக்குக் கடமை ஆற்றுவேன் என்ற உறுதிமொழியைத் தேசப்பற்று கொண்டவர்கள் எப்படி ஏற்பது? பிணக்கு தீரவில்லை. 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் என்ற தனி அமைப்பும் உருவாயிற்று.

விடுதலைக்குப் பின்னரே உடைந்தவை ஒட்டின. 1950 நவம்பர் 7 அன்று இரு பெரும் அமைப்புகளும் இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கமாயின. 1951இல் சாரணியர் அமைப்பும் சேர்ந்தது. உறுதிமொழியில் மன்னர் இருந்த இடத்தில் நாடு வந்தது. கடவுள் என்ற சொல்லுக்கு மாற்றாக, விரும்புவோர் தர்மம் என்று கூறலாம் என்ற இசைவும் வந்தது. உலகளாவிய விதியிலும் நாடு, சமயம் என்ற சொற்கள் பின்னாளில் இடம்பெற்றன.

ஓர் உறுதிமொழியை எழுதியவர்கள் அதன் முழுப்பொருளை அறிந்திருக்க வேண்டுமென்பதில்லை. அதனை நம்பி வாசலில் வந்து நிற்பவர்களே அப்பொருளை அதற்கு அளிக்கின்றனர். அடுத்த முறை ஏதேனும் ஒரு பள்ளி விழாவில், வெயிலில் நின்று நமக்கு வழிகாட்டும் சாரணச் சிறுவனைக் காணும்போது, அவன் கழுத்துத் துணியின் முடிச்சில் இத்தனை கைகள் இருக்கின்றன என்பதை நினைவில் கொள்வோம்.