நாயின் நோயும் பாடவேறுபாடும்

பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் முறை தமிழாசிரியர்க்குப் புதிதன்று. ஒரு பிழை எவ்வெவ் ஏடுகளில் காணப்படுகிறது என்று நோக்கின், அவ்வேடுகளின் கால்வழி புலப்படும். நோய் நுண்ணுயிர்களின் வரலாற்றை ஆராய்வோரும் இம்முறையையே கையாளுகின்றனர். நாய்களின் குடலைத் தாக்கும் நச்சுயிரிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

1978ஆம் ஆண்டில் உலகின் பல பகுதிகளில் நாய்கள் வாந்தியாலும் குருதிக் கழிச்சலாலும் மடியலாயின. இறந்தவற்றுள் குட்டிகளே மிகுதி. நோய்க்குக் காரணமான பார்வோ நச்சுயிரி, பூனைகளைத் தாக்கும் ஒரு நச்சுயிரிக்கு நெருங்கிய உறவுடையது. ஆய்வுக்கூடங்களில் காத்து வைத்திருந்த பழைய குருதிநீரைச் சோதித்தபோது, 1970களின் நடுவிலேயே ஐரோப்பிய நாய்களை அது தொற்றியிருந்தமை தெரியவந்தது. தமிழகத்தில் 1980களின் தொடக்கத்தில் இந்நோய் பதிவாயிற்று. 2000ஆம் ஆண்டில் இத்தாலியில் ‘2சி’ என்னும் புதுவகை அறியப்பட்டது. உறைப் புரதத்தின் 426ஆம் இடத்திலுள்ள ஒரேயொரு அமினோ அமிலமே அதனை முந்திய ‘2பி’ வகையினின்றும் பிரித்துக் காட்டும் அடையாளம். நாயின் மலத்திலிருந்து மரபணுப் பகுதியைப் பிரித்தெடுத்து, பன்மடங்கு பெருக்கி, எழுத்தெழுத்தாகப் படித்தே இதனைத் துணிகின்றனர்.

நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வொன்று நிகழ்ந்தது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் சரவாக் மாநிலத்தில் நுரையீரல் அழற்சியால் மருத்துவமனையில் சேர்ந்த 301 பேரின் மாதிரிகள் பின்னர்ச் சோதிக்கப்பட்டன. எட்டுப் பேரிடம் நாயின் கொரோனா நச்சுயிரிக்குரிய அடையாளம் காணப்பட்டது; அவர்களுட் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். 2021இல் வெளிவந்த ஆய்வு, அதன் முழு எழுத்துவரிசையைத் தந்தது. நாயின் பாடத்தில் பூனையின் பாடப்பகுதி கலந்திருந்தது. ஓரிடத்தில் 36 எழுத்துகள் விடுபட்டிருந்தன. பிறிதொரு நூலின் ஏடு இடையிற் கோக்கப்பட்டு, ஒருபால் சிதைந்தும் போன சுவடி போன்றது அது. 2017இல் ஹெயிட்டி சென்று திரும்பிய அமெரிக்கர் ஒருவரிடமும் ஏறத்தாழ இதே நச்சுயிரி கிடைத்தது. எனினும் சரவாக் நோயாளிகளின் நோய்க்கு இதுவே காரணம் என்று அவ்வாய்வு நிறுவவில்லை என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்விரு வரலாறுகளும் உணர்த்துவது ஒன்றே. பழைய குருதிநீரும் நோயாளிகளின் மாதிரிகளும் காக்கப்படாதிருப்பின், இவற்றை எவரும் அறிந்திரார். செல்லுக்கும் நெருப்புக்கும் எத்தனையோ சுவடிகளைப் பறிகொடுத்த தமிழருக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. செனாயில் ஒரு நாய்க்குட்டி குருதிக் கழிச்சலால் இறந்தால், அதனைப் புதைப்பதோடு அமையாது, கால்நடை மருத்துவரிடம் அறிவித்து மாதிரி எடுக்கச் செய்தல் நன்று. குட்டிகளுக்குத் தடுப்பூசி இடுதல் இன்றைய காப்பு. மாதிரியைக் காத்தல் நாளைய காப்பு.