ஆங்கில அளவைகளின் வரலாறு

அளவை யென்பது கணக்கர்க்கும் வணிகர்க்கும் மாத்திரம் உரிய சிறுபொருளென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. கொடுப்போனும் கொள்வோனும் ஒரே கோலை நம்பும்போதன்றோ சந்தையில் நீதி நிலைபெறும்? ஆங்கில அளவைகளின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குவதாகலின், அதனைச் சுருக்கமாக ஈண்டு ஆராய்வாம்.

அவற்றுட் சில உரோமரிடமிருந்து வந்தவை. பன்னிரண்டில் ஒரு கூறெனப் பொருள்படும் ‘உன்சியா’ என்னும் இலத்தீன் சொல்லே, நீட்டலளவையில் ‘இஞ்சு’ என்றும், நிறுத்தலளவையில் ‘அவுன்ஸ்’ என்றும் திரிந்தது. ஆயிரம் இரட்டையடி நடந்த தூரம் ‘மைல்’ எனப்பட்டது. வேறு சில உழவர் வயலிற் பிறந்தன. ஏர் உழுதுசெல்லும் சாலின் நீளமே ‘பர்லாங்கு’. ஓரிணை யெருது ஒருநாளில் உழத்தக்க நிலமே ‘ஏக்கர்’. வாற்கோதுமை மணி மூன்றை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓரங்குலமென்று, 1300-ஆம் ஆண்டையொட்டி எழுந்த சட்டமொன்று விதித்தது.

ஆயினும், நடையும் சாலும் மணியும் இடந்தோறும் வேறுபடுவன வல்லவா? ஆதலின் 1215-ஆம் ஆண்டில் ஜான் மன்னன் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டா என்னும் மகாசாசனம், நாடெங்கும் மதுவுக்கும் தானியத்துக்கும் ஒவ்வோர் அளவையே வழங்குக எனக் கட்டளையிட்டது. சட்டத்துக்கு மாறாக எவனையுஞ் சிறையிடலாகா தென்ற அச்சாசனத்திலேயே இவ்விதியும் இடம்பெற்றமை கருதத்தக்கது. பின்னர் 1593-ல், 660 அடி கொண்ட பர்லாங்கு எட்டுச் சேர்ந்தது ஒரு மைலென விதிக்கப்பட, மைல் 5280 அடியாயிற்று.

1834-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ல், பழைய மரக் கணக்குக்கோல்களை உலையிலிட்டு எரித்தமையால் இலண்டன் பார்லிமெண்டு மாளிகையில் தீப்பற்றியது. கஜத்துக்கும் இராத்தலுக்கும் மூலமாய் அங்கு வைத்திருந்தவை அத்தீயிற் கெட்டன. மூலக்கஜம் அழியின், வினாடிக்கொரு வீச்சு வீசும் ஊசலின் நீளங்கொண்டு அதனை மீட்கலாமென 1824-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியிருந்தது. அம்முறையிற் பிழையுளதெனக் கண்ட அறிஞர், முன்னரே எடுத்திருந்த நேர்மையான படிகளைக்கொண்டே புதிய மூலத்தை அமைத்தனர். அது 1855-ல் சட்டமாயிற்று. பொதுமக்கள் தங்கோலை ஒப்பிட்டறியுமாறு, கிரீனிச் வானாராய்ச்சி நிலையத்தின் வாயிற்சுவரிலும் அளவுகள் பதிக்கப்பட்டன.

1959 முதல் கஜமென்பது 0.9144 மீட்டரென வரையறுக்கப்பட்டுள்ளது. இந்தியாவும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டர் முறையை மேற்கொண்டது. எனினும் நிலத்தை ஏக்கரென்றே நாம் இன்றும் பேசுகின்றோம். அளவையின் பெயர் எதுவாயினும் ஆகுக. அதனை ஒருவன் மறைத்து வையாது, பலருங் காண வைத்தலே நீதியாம். நம் குடும்பத்துச் சிறார் கணக்குப் பயிலும்போது இதனையும் உடன் பயில்வாராக.