தொப்பியில் மாட்டிய கேமரா

யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கையோடு ஜஸ்டின் கானும் எமெட் ஷியரும் ‘கிகோ’ என்ற இணைய நாள்காட்டியைத் தொடங்கினார்கள். 2006-ல் கூகுளும் ஒரு நாள்காட்டியோடு வந்து நிற்க, கிகோ படுத்துவிட்டது. கடையைக் கட்டிவிடலாம் என்று மொத்தத்தையும் ஈபே ஏலத்தில் போட்டார்கள். அதிர்ஷ்டம், 2,58,100 டாலருக்கு விலைபோனது! ஆனால், அடுத்த பிழைப்பு?

ஜஸ்டினுக்கு ஒரு கிறுக்கு யோசனை தோன்றியது. தொப்பியில் கேமரா, முதுகுப் பையில் கணினி. தூக்கம், சாப்பாடு என்று தன் வாழ்க்கை முழுவதையும் இணையத்தில் நேரலையாகக் காட்டுவது! கூட்டாளியாகச் சேர்ந்த கைல் வோக்ட் கருவியைச் செய்தார். இன்னொரு கூட்டாளி மைக்கேல் சீபெல் கைகொடுத்தார். 2007 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோவில் ஜஸ்டின்.டிவி பிறந்தது. நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்திருப்பவரை எத்தனை நேரம்தான் பார்ப்பது? படம் சலித்தாலும், அதை ஒட்டியிருந்த அரட்டைப் பெட்டியில் பேச்சு ஓயவில்லை. ஒருமுறை குறும்புக்காரர் ஒருவர் கொடுத்த பொய்ப் புகாரை நம்பி, துப்பாக்கியை நீட்டியபடி போலீஸே ஜஸ்டினின் வீட்டுக்குள் நுழைந்தது!

அதே ஆண்டு அக்டோபரில், யார் வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் சேர்ந்தது, வம்பும் சேர்ந்தது. விளையாட்டுப் போட்டிகளைச் சிலர் திருட்டுத்தனமாக ஒளிபரப்ப, 2009-ல் சீபெல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தக் களேபரத்தில், தளத்தின் ஒரு மூலையில் சத்தமில்லாமல் வளர்ந்த கூட்டத்தை ஷியர் கவனித்தார்.

அவர்கள் வீடியோ கேம் பிரியர்கள். ஷியரும் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ ஆட்டங்களை விரும்பிப் பார்ப்பவர். ஆடி ஒளிபரப்புகிறவர்களையே தேடிப்பிடித்து, என்ன வேண்டும் என்று கேட்டார். படம் திணறக் கூடாது, நாலு காசு வர வேண்டும் என்றார்கள். 2011 ஜூனில் அவர்களுக்கென்றே தனித் தளம் திறந்தது. அதுதான் ‘ட்விட்ச்’!

2014 பிப்ரவரியில் ட்விட்ச்சின் அரட்டைப் பெட்டியே ஆட்டக்காரராக மாறியது. பார்வையாளர்கள் தட்டும் கட்டளைப்படி ஒரே ‘போக்கிமான்’ ஆட்டம் நகர, 16 நாட்களில் ஆடி முடித்தார்கள். ஆகஸ்டில் ஜஸ்டின்.டிவியை மூடினார்கள். அதே மாதம் அமேசான் 97 கோடி டாலர் கொடுத்து ட்விட்ச்சை வாங்கியது.

ஆட்டத் திறமை மட்டும் இருந்தால், ஆடி ஒளிபரப்பும் தொழிலில் காலம் தள்ள முடியாது. அரட்டைக்கு முகம் கொடுத்துப் பேசத் தெரிந்தவரிடம்தான் கூட்டம் தங்குகிறது.