மாடிப்படி ஏறிய கண்டக்டர்கள்

"தினமும் அரைமணி நேரம் நடங்க சார்." சர்க்கரைக்குப் போனாலும் பிரஷருக்குப் போனாலும் டாக்டர் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. காலங்காலமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நினைப்போம். உடம்பை அசைத்தால் நல்லது என்று பொதுவாகச் சொன்னவர்கள் பழங்காலத்திலிருந்தே உண்டு. 1700-ல் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உட்கார்ந்தே வேலை பார்க்கும் தையற்காரர்கள் விடுமுறை நாளிலாவது உடற்பயிற்சி செய்யட்டும் என்று அதிலேயே சொல்லிவிட்டார். ஆனால் மாரடைப்புக்கும் உடல் உழைப்புக்கும் தொடர்பு உண்டு என்று எண்ணிக்கையோடு காட்டப்பட்டு இன்னும் நூறு வருஷம்கூட ஆகவில்லை. அதைக் காட்ட உதவியவர்கள் லண்டன் பஸ் கண்டக்டர்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். பிரிட்டனில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் சாவது கூடிக்கொண்டே போனது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. மாரடைப்பு வந்து பிழைத்தவரை வாரக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் படுக்க வைப்பதுதான் அன்றைய வைத்தியம். இதயத்துக்கு ஓய்வு வேண்டும், உழைப்பு ஆபத்து. இந்த நம்பிக்கையை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் பின்னால் நடந்ததன் கனம் தெரியும்.

ஜெரி மோரிஸ் 1910-ல் பிறந்தவர். போலந்திலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பம், வளர்ந்தது கிளாஸ்கோவில். போர்க்காலத்தில் ராணுவ மருத்துவராக இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்திருக்கிறார். 1948-ல் அரசு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சமூக மருத்துவப் பிரிவு அவர் பொறுப்புக்கு வந்தது. அவர் முதலில் செய்தது லண்டன் மருத்துவமனை ஒன்றின் 1907 முதல் 1949 வரையிலான பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகளைப் புரட்டியதுதான். அதில் ஒரு விசித்திரம். மாரடைப்பு பல மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவது அப்படிக் கூடவில்லை. அப்படியென்றால் குழாய் அடைப்பு மட்டுமே கதை இல்லை. வாழ்க்கை முறையில் வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும். தொழிலாக இருக்குமோ?

தொழிலைச் சோதிப்பதென்றால் ஒரே மாதிரி ஆட்கள், ஒரே மாதிரி வருமானம், வேலை மட்டும் வேறு என்று இரண்டு கூட்டம் கிடைக்க வேண்டும். லண்டன் மாடி பஸ்ஸில் அது தயாராக இருந்தது. டிரைவர் தன் ஷிஃப்டில் தொண்ணூறு சதவீத நேரம் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்குகிறார். மோரிஸின் ஆட்கள் பஸ்ஸில் கூடவே போய்ப் படிகளை எண்ணினார்கள்: ஒரு வேலைநாளில் ஏறத்தாழ 500 முதல் 750 படி. பஸ், டிராம், சுரங்க ரயில் எல்லாம் சேர்த்து 35 முதல் 64 வயதுக்குள் சுமார் 31,000 ஆண்கள். லண்டன் போக்குவரத்து நிர்வாகம் ஊழியர்களின் நோய் விடுப்பையும் மரணத்தையும் ஒழுங்காகப் பதிவு செய்து வைத்திருந்தது. (ஆராய்ச்சிக்குப் பாதி பலம் இந்த மாதிரி குமாஸ்தாக்களின் பேரேடுகள்தான். அவர்களுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.)

வருஷத்துக்கு ஆயிரம் பேரில் இதய நோய் வந்தது டிரைவர்களில் சுமார் 2.7, கண்டக்டர்களில் 1.9. கேட்க சின்ன வித்தியாசம் மாதிரி தெரியலாம். ஆனால் கண்டக்டருக்கு வந்தாலும் அது பெரும்பாலும் தீவிரம் குறைந்ததாக இருந்தது. வந்த உடனேயே சாவது டிரைவர்களிடம்தான் அதிகம்.

இங்கேதான் மோரிஸை எனக்குப் பிடித்துப்போகிறது. கையில் இப்படி ஒரு முடிவு கிடைத்தால் நாமாக இருந்தால் மறுநாளே ஊரைக் கூட்டியிருப்போம். அவர் காத்திருந்தார். டிரைவருக்கு லண்டன் டிராஃபிக்கில் டென்ஷன் அதிகம், அதனால்கூட இருக்கலாமே? எனவே பஸ்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு துறை வேண்டும். தபால் துறையை எடுத்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோகும் தபால்காரர் ஒரு பக்கம். உட்கார்ந்தே இருக்கும் டெலிபோன் ஆபரேட்டர்களும் குமாஸ்தாக்களும் மறுபக்கம். அங்கேயும் அதே கதை: தபால்காரருக்கு நோய் குறைவு, உட்கார்ந்தவருக்கு அதிகம். கவுண்டரில் நிற்கிற ஊழியர்கள் சரியாக நடுவில். 1953 நவம்பரில் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. அப்போதும் இதை ஒரு 'கருதுகோள்' என்றுதான் வைத்தார். பலர் நம்பவில்லை.

நம்பாததற்கு நியாயமான காரணமும் இருந்தது. படி ஏறியதால் ஆள் ஆரோக்கியமானாரா, இல்லை ஆரோக்கியமான ஆள்தான் கண்டக்டர் வேலைக்குப் போனாரா? இதைக் கேட்காமல் விட்டால் மொத்த ஆராய்ச்சியும் காலி. விடை தேட அவர்கள் போன இடம் தையல் கணக்கு! ஊழியர்களுக்கு நிர்வாகமே யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தது, ஒவ்வொருவர் பேன்ட் இடுப்பளவும் பதிவில் இருந்தது. 1956-ல் 'சீருடைகளின் தொற்றுநோயியல்' என்ற அழகான தலைப்பில் அதை வெளியிட்டார்கள். டிரைவர்களுக்கு இடுப்பு பெரிது. சங்கடம் என்னவென்றால், இளம் வயது டிரைவர்களுக்கும் அப்படித்தான். ஆக, வேலைக்கு வரும்போதே இருவரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. தங்கள் வாதத்தைப் பலவீனப்படுத்தும் தகவலைத் தாங்களே தோண்டி எடுத்துப் பிரசுரித்தார்கள். ஆனால் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்துப் பார்த்த பிறகும் டிரைவர்களுக்கு ஆபத்து கூடுதலாகவே இருந்தது. இடுப்பளவு கொஞ்சம் விளக்கியது, முழுவதையும் விளக்கவில்லை.

மோரிஸ் வேறு வழியில் போனார். வேலையை விட்டுவிட்டு ஓய்வு நேரத்தைப் பார்த்தார். ஒரே மாதிரி மேஜை வேலை செய்யும் அரசு அதிகாரிகள் ஏறத்தாழ 17,000 பேர். திங்கட்கிழமை காலை ஆபீசுக்கு வந்ததும், போன வெள்ளி, சனி இரண்டு நாளும் என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார். முன்கூட்டிச் சொல்லாததால் யாரும் பந்தாவுக்காக டென்னிஸ் ஆட முடியாது. 1973-ல் வந்த முடிவு: நீச்சல், வேகநடை, மண்வெட்டி பிடித்துத் தோட்ட வேலை என்று மூச்சு வாங்கும்படி எதையாவது செய்தவர்களுக்கு ஆபத்து மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். மெதுவாக உலாத்தியவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை.

அமெரிக்காவில் ரால்ஃப் பாஃபன்பர்கர் இதற்கு இன்னொரு பூட்டுப் போட்டார். ஹார்வர்டில் படித்த சுமார் 17,000 பேரை ஆராய்ந்து 1978-ல் எழுதினார். காலேஜில் பெரிய விளையாட்டு வீரராக இருந்து அப்புறம் சோபாவில் உட்கார்ந்துவிட்டவருக்குப் பழைய புகழ் உதவவில்லை. காலேஜில் பந்தைத் தொடாதவர் பிற்காலத்தில் நடக்க ஆரம்பித்தாலும் பலன் கிடைத்தது. பிறவியிலேயே திடமானவர்கள்தான் உடற்பயிற்சி செய்கிறார்கள் என்ற வாதத்துக்கு இது பலத்த அடி. "ஸ்கூல்ல நான் கபடி பிளேயர்" என்று சொல்லிக்கொண்டு திரியும் நம்மாட்களுக்கும்தான். 1996-ல் ஒலிம்பிக் கமிட்டியின் விளையாட்டு அறிவியல் பரிசு மோரிஸுக்கும் இவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. இருவருமே தங்கள் ஆராய்ச்சியைப் பார்த்துத் தாங்களும் ஓட ஆரம்பித்தவர்கள். மோரிஸ் 2009-ல் இறந்தபோது வயது 99.

கண்டக்டர் கதையை எடுத்துக்கொண்டு, உடம்பு நோக வேலை செய்பவனுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இது அவ்வளவு நேர் இல்லை. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2021-ல் வந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மரண ஆபத்து குறைந்தது; ஆனால் வேலையிலேயே உடம்பை வருத்தியவர்களுக்குக் கூடியது. நாள் முழுக்க மூட்டை தூக்குவதும், பத்து மணி நேரம் நின்றுகொண்டே இருப்பதும் உடம்புக்கு வேறு கணக்கு. அதில் ஓய்வு எடுக்கிற உரிமை உழைப்பவன் கையில் இல்லை. லண்டன் கண்டக்டர் பாரம் தூக்கவில்லை. ஏறினார், இறங்கினார், நடுவில் ஸ்டாப் வந்தால் கொஞ்சம் நின்றார்.

அதே ஆராய்ச்சியை லண்டனில் இன்று திரும்பச் செய்ய வழியில்லை. கண்டக்டர் இல்லாமல் டிரைவரே டிக்கெட்டைப் பார்க்கும் பஸ்கள் மெல்ல மெல்ல வந்தன. 2005 டிசம்பரில், பின்வாசல் திறந்திருக்கும் பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் வழக்கமான சேவையிலிருந்து விலகின. படி ஏறிய பாதி ஆட்கள் போய், உட்கார்ந்திருந்த பாதி மட்டும் மிச்சம்.